அண்ணன் அடித்த நூறு

ஸ்னூக்கரில் ஒருவர் தன் முறைக்கு மேசையருகே வந்து, ஒரு பந்தைத் தவறவிடும்வரை தொடர்ந்து எடுக்கும் புள்ளிகளைப் 'பிரேக்' என்பார்கள். சிவப்புப் பந்தைப் பைக்குள் தள்ளினால் ஒரு புள்ளி. அடுத்து ஒரு நிறப்பந்து. அதில் கறுப்புக்குத்தான் அதிகம், ஏழு. நிறப்பந்தைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்ததும் மறுபடி சிவப்பு. எங்கள் ஆட்டக்காரர்கள் இருபது எடுத்தாலே அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார்கள். என் அண்ணன் நூற்று நான்கு எடுத்தார். பதின்மூன்று சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கறுப்பு. மாத்தளையில், ஒரு போயா தினத்தின் பிற்பகலில், எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகவும், பிறைக் கணக்கில் வரும் பௌத்தர்களின் புனித நாளான போயா விடுமுறையாகவும் இருந்த வருஷங்கள் அவை. அண்ணன் ஒரு ஹாஜியாரின் ஸ்டோரில் கொக்கோவும் மிளகும் நிறுத்து வாங்கும் வேலையில் இருந்தார். அதே ஸ்டோரில் அப்பா மூட்டை தூக்கும் நாட்டாமி. அப்பாவின் முதுகு கெட்டுப்போனபோது வீட்டுக்கு வேறொரு சம்பளம் வேண்டியிருந்ததால், அண்ணன் சிறு பிள்ளையாகவே அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் பள்ளிக்கூட வாசலை மிதித்ததேயில்லை. அதனால்தான் நான் மிதித்தேன். எங்கள் வீட்டில் கடிதம் வந்தால் வாசிக்க வெளியாளைத் தேடாத நிலை என்னோடுதான் தொடங்கியது. அந்தச் சமயம் நான் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, இரண்டு வெள்ளைச் சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேசை வந்த கதை வேடிக்கையானது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டுத் தன் நாட்டுக்குப் போனபோது, பங்களாச் சாமான்களை ஹாஜியார் மொத்தமாக வாங்கினார். அலுமாரிகளோடு இதுவும் வந்து சேர்ந்தது. ஏலக்காய் பரப்பிக் காயவைக்க வசதியான இடம் என்பதுதான் அவருடைய முதல் யோசனை. மகன்மார் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். பச்சைத் துணிக்கு அடியில் கற்பலகை பதித்த மேசை. அதை ஏற்றிவந்த லொறியே முனகியது. ஸ்டோருக்குப் பின்னால், ஓடைப் பக்கமாக மண் நிரப்பிச் சீமெந்து போட்டிருந்த கொட்டகையில் இறக்கினார்கள். போயா வந்தால் மகன்மார், ஸ்டோர் ஆட்கள், மிளகு விற்க வந்து பஸ்ஸைத் தவறவிட்ட பல்லேபொலக்காரர் என்று யாரும் அங்கே கோல் பிடிக்கலாம்.

அண்ணனின் அடி மெதுவானது. மற்றவர்கள் பந்தை அறைவார்கள்; அண்ணன் அனுப்பி வைப்பார். பந்து ஊர்ந்து போய், பையின் உதட்டில் கொஞ்சம் யோசித்து, உள்ளே விழும். வெள்ளைப் பந்தோ கறுப்புக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், கூப்பிட்டால் வருகிற பிள்ளை மாதிரி. சில வருஷங்களுக்குள் அவருடைய பிரேக் முப்பதாகி, ஐம்பதாகி, ஒருநாள் நூற்று நான்காயிற்று. கடைசியில் ஒரு சிவப்பைத் தவறவிட்டு நிமிர்ந்தபோது, யாரும் ஏன் பேசவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. "என்னாடா, எல்லாரும் மொறைக்கிறீங்க?" என்றார். ஹாஜியாரின் இளைய மகன் அவரை அப்படியே தூக்கிவிட்டான்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் கொட்டகையில் ஜெயித்ததே இல்லை. கண்டியிலிருந்து காரில் வருவார்கள், தோற்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள். அண்ணன் நூறு அடித்ததைக் கேள்விப்பட்டு வந்த கண்டி ஆட்டக்காரர் ஒருவர், வங்கியில் வேலை செய்பவர், நேராக இருந்த ஒரு சிவப்பைத் தவறவிட்டுக் கோலைச் சுவரில் சாய்த்தார்.

"மேசை ஓடுதுங்க. பந்து நேராப் போக மாட்டேங்குது."

"மேசை அந்த எடத்துலயேதான் ஈக்குது," என்றான் இளைய மகன். "ஒங்கட கண்ணத்தான் கண்டியில வச்சிட்டு வந்தீக்கிறீங்க."

எல்லோரும் சிரித்தோம். அந்த மனிதருக்குக் காது சிவந்துவிட்டது.

"நல்லாச் சிரிங்க. இவரு அடிச்ச நூறுக்கு யாரு சாட்சி? ஏலக்காய் மூட்டையா? கொழும்புப் போட்டியில வந்து ஒரு அம்பது அடிக்கச் சொல்லுங்க பார்ப்போம். அப்ப ஒத்துக்கிறேன்."

 அண்ணன் கோலின் நுனியில் நீலச் சோக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"தம்பி, கொழும்புக்கு எழுதிப் போடு."

"போயிட்டு வரலாண்ணே. ஜெயிச்சுருவீங்க."

"ஜெயிக்கிறது கெடக்கட்டும். நூறுகூட வேணாம். அந்தாளு சொன்ன அம்பது போதும். பார்க்கத் தெரிஞ்சவங்க முன்னால ஒருக்கா அடிச்சிட்டன்னா, அந்த நூறு நெசமாயிரும்."

என் அண்ணன் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் அறிந்தது அதுதான். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினேன். என் வெள்ளைச் சட்டைகளில் நல்லதையும் கறுப்புக் களுசானையும் அவருக்குக் கொடுத்தேன். களுசானின் கால்கள் குட்டை, அம்மா மடிப்பைப் பிரித்து நீட்டித் தைத்தாள். ஹாஜியார் தம் செலவில் ரயில் டிக்கட் எடுத்துக் கொடுத்து, "மகன், ஸ்டோர நெனக்க வேணாம், ஆட்டத்த மட்டும் நெனச்சிக்கோங்க" என்று வழியனுப்பினார்.

கொழும்பில் அந்த மண்டபத்தில் பேச்சே மெதுவாகத்தான் இருந்தது. மேசைக்கு மேல் விளக்குகள் வரிசையாகத் தொங்கின. நடுவர் ஒரு பறங்கிக்காரர். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார், ஆங்கிலம் தவிர வேறொன்றும் பேசவில்லை. எதிரே ஆடியவர் அண்ணனைவிட நன்றாக ஆடுபவரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணனுக்கு முதலில் கிடைத்த சிவப்பு, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழக்கூடியது. வழக்கம்போல மெதுவாக அனுப்பினார். அது ஊர்ந்து போய், பையின் வலது உதட்டில் தட்டி நின்றுவிட்டது. எதிராளி எழுந்து வந்து அதையும், அதற்குப் பின்னால் இன்னும் பலவற்றையும் எடுத்தார். அண்ணனின் அடுத்த முறையிலும் பந்து வலது உதட்டில் நின்றது. அடுத்ததும் அப்படியே.

பதற்றம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பதறிய கை நாலா பக்கமும் தவறவிடும். அண்ணன் ஒரே பக்கமாக, ஒரே விரலகலத்தில் தவறவிட்டுக்கொண்டிருந்தார். சரிப்படுத்த நினைத்து இன்னும் மெதுவாக அடித்தார். இன்னும் மோசமாகப் போயிற்று. ஒரு தடவை சிவப்பும் கறுப்பும் விழுந்தன. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு அண்ணனின் பெரிய பிரேக் எட்டு.

ஆட்டம் முடிந்து கை குலுக்கிய நடுவர், அண்ணனின் கையை விடாமல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

"என்னா சொல்றாரு?" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

நன்றாக ஆடினீர்கள் என்று சொல்கிறார் எனச் சொல்லியிருக்கலாம். அது என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், நான் படித்தவன், சரியாகத்தான் சொல்வேன் என்ற நம்பிக்கை இருந்தது.

"ஒங்க கை ரொம்ப நல்ல கைன்னு சொல்றாரு."

"இன்னும் ஏதோ சொன்னாரே."

"நம்ம மேசை சாஞ்சிருக்கணும்னு சொல்றாரு அண்ணே. ரொம்ப நாளா எடது பக்கம் சரிஞ்ச மேசையில ஆடிப் பழகுன கையாம். பந்து சரியும்னு நெனச்சு, கை தானா வலது பக்கம் தள்ளி அடிக்குதாம். இங்க மேசை மட்டமா இருக்கு. பந்து சரியல."

அண்ணன் நடுவரைப் பார்த்துச் சிரித்தார். "தேங்க் யூ சேர்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

 ரயிலில் அண்ணன், நான் வாங்கிக் கொடுத்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். கண்டியில் பாதிப் பெட்டி காலியாயிற்று. வத்தேகமை தாண்டியபோது கேட்டார்:

"அப்ப அந்த நூறு?"

"எந்த நூறு அண்ணே?"

"நான் அடிச்சேன்னு சொல்றோமே. அத அடிச்சது நானா, மேசையா?"

"நீங்கதான்," என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வடையை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார்.

ஊரில் நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனே சொன்னார். மறுநாள் காலையில் தராசருகே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம மேசை கோணல் மொதலாளி. கண்டிக்காரங்க சொன்னது நெசந்தான்" என்றார். ஹாஜியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்வே, அந்த மனுசன நாங்க எவ்வளவு ஏசிட்டோம்!"

கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் நீர்மட்டத்தை மேசையின் மேல் வைத்ததும் குமிழி ஒரு பக்கமாக ஓடியது. ஓடைப் பக்கத்துக் கால், சீமெந்துத் தரையோடு சேர்ந்து உள்ளே இறங்கியிருந்தது. ஒரே நாளில் இறங்கியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். வருஷக் கணக்கில், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சமாக இறங்கியதால், எங்கள் கைகளும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கின்றன. வேறு நல்ல மேசையை நாங்கள் பார்த்ததுமில்லை. பந்து அப்படித்தான் போகும் என்றே நினைத்திருந்தோம். எல்லோரையும்விட நுணுக்கமாகத் திரும்பியிருந்தது அண்ணனின் கை.

லொறி ஜெக் போட்டுத் தூக்கி, காலுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்தார்கள். ஸ்டோர் முழுதும் திரண்டு வந்து தோள் கொடுத்தது. அண்ணனுக்காகத்தான் செய்தார்கள். "இனிப் பாருங்க, அண்ணன் எரநூறு அடிப்பாரு," என்றான் இளைய மகன். அதற்கு மேல் எடுக்க முடியாதபடி நூற்று நாற்பத்தேழோடு ஆட்டமே முடிந்துவிடும் என்று யாரோ சொல்ல, "அப்ப மிச்சத்த அடுத்த போயாவுக்கு" என்றான்.

அறைந்து ஆடுகிறவர்களுக்குச் சாய்வும் ஒன்றுதான், மட்டமும் ஒன்றுதான். அவர்கள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். அண்ணனால் முடியவில்லை. முன்பு யோசிக்காமல் ஆடியவர், இப்போது ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். அவரிடம் ஒரு தடவைகூட ஜெயித்திராதவர்கள் அவரை ஜெயித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். ஒருநாள் மட்டும் முப்பதைத் தாண்டினார். எல்லோரும் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். அடுத்தது பைக்கு நேரே இருந்த கறுப்பு. பழைய நினைவில் கை மெதுவாக அனுப்பியது. வலது உதட்டில் தட்டி நின்றது.

"கை கேக்க மாட்டேங்குது தம்பி," என்றார் என்னிடம் மட்டும்.

நான் ஹாஜியாரிடம் போய்த் தகட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "உருவிடுவம் மகன், எனக்கென்ன? அவன் ஆடினாப் போதும்," என்றார் உடனே. அண்ணன்தான் சம்மதிக்கவில்லை.

"வேணாம். கோணல்னு தெரிஞ்சப்புறம் அதுல எப்பிடி அடிக்கிறது?"

"சாஞ்ச மேசையில அடிக்கிறதுதான் அண்ணே கஷ்டம். கண்டிக்காரங்களால முடிஞ்சுதா? நீங்க ஒருத்தர்தான் அடிச்சீங்க. அது நூறு இல்லன்னு எவன் சொல்வான்?"

நான் நம்பித்தான் சொன்னேன். இப்போதும் நம்புகிறேன். அண்ணன் என் தோளில் கை வைத்தார்.

"நீ படிச்சவன். எனக்காக எதையாவது கண்டுபிடிச்சுச் சொல்லுவ."

அதற்குப் பிறகு அவர் கொட்டகைக்கு வரவில்லை. போயா தினங்களில் லொறியோடு பல்லேகமப் பக்கம் மிளகு எடுக்கப் போக ஆரம்பித்தார். அது அவருடைய வேலை இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன அறுவடைக்காலத்தில் ஒருநாள், வேலை விட்டு வரும் வழியில் ஸ்டோருக்குள் நுழைந்தேன். நாலந்தாவிலிருந்து மிளகு கொண்டுவந்த இளைஞன் ஒருவன் தராசருகே நின்றிருந்தான். கொட்டகையில் யாரோ அவனுக்குப் பழைய கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"இங்க நிறுக்கிறவர் ஒருத்தர் ஸ்னூக்கர்ல நூறு அடிச்சாராமே. அது நீங்களா?"

அண்ணன் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் இல்லீங்க. அது வேற ஆளு."

"இப்ப எங்க இருக்காரு?"

"தெரியல," என்றார் அண்ணன். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மிளகை அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இதுல ஈரம் இருக்குங்க. இன்னும் ரெண்டு வெயில் காட்டிக் கொண்டாங்க."