சாயம் ஏற்றாமல் பார்த்த இறால் குஞ்சுகள்

கல்பிட்டியில் இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்தும் நிஹாரா போன மாதம் அழைத்தார். ஒரு தொட்டிக் குஞ்சுகள் மந்தமாக இருக்கின்றன, மறுநாள் வாங்க வருகிறார்கள் என்றார். நோயுள்ள குஞ்சு ஒரு வளர்ப்புக் குளத்துக்குப் போனால் அக்கம்பக்கத்துக் குளங்களும் போய்விடும். எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருந்த நுணுக்குக்காட்டியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு விடியவே பஸ் ஏறினேன். சாயம் எதுவும் ஏற்றாமல், உயிருள்ள இழையம் தானாக வெளிவிடும் மெல்லிய ஒளியிலேயே படம் எடுக்கும் கருவி அது.

கொழும்பிலிருந்து பாலாவிச் சந்தி ஏறத்தாழ 130 கிலோமீற்றர், அங்கிருந்து கல்பிட்டி இன்னும் நாற்பது. "பெட்டிய பின்னால போடுங்க மிஸ்" என்று நடத்துநர் விடாப்பிடியாக நின்றார். நானும் விடவில்லை, மடி மரத்துப்போனதுதான் மிச்சம். நுரைச்சோலைப் புகைபோக்கி தெரிந்ததும் கொஞ்சம் நிம்மதி வந்தது.

நிஹாரா கைக்குழந்தையாக மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், கலகலப்பான பெண். மந்தமான தொட்டியிலிருந்து நாலு குஞ்சுகளைக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்தேன். திரை முழுக்க ஒரே சிவப்பு. கருவி பழுதாகிவிட்டதோ என்று பயந்தே போனேன்.

"தீனி போட்டீங்களா?"

"ஓம் மிஸ், நீங்க வாறீங்கன்டு இப்பதான் நல்லாப் போட்டன். வாங்க வாறவங்களுக்கும் வயிறு நிறைஞ்ச குஞ்சத்தானே காட்டுறது."

தீனி என்பது நுண்பாசி. அதன் பச்சையம் சிவப்பாக ஒளிர்ந்து, குடலின் மங்கலான ஒளியை மூடிவிட்டது. சிரித்துவிட்டு, குஞ்சுகளைச் சுத்தமான கடல்நீரில் விட்டுக் காத்திருந்தோம். இப்படிக் கருவி கொண்டுபோகிறவர்கள், தீனி போட வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

குடல் காலியான பிறகு எல்லாம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த பக்கத்துத் தொட்டிக் குஞ்சின் குடல் அலையலையாக அசைந்தது, செரிமானச் சுரப்பியில் கொழுப்புத் துளிகள் நிறைந்திருந்தன. இந்த நாலிலும் அசைவு சோர்ந்திருந்தது, துளிகள் அருகியிருந்தன. நோயின் பெயரை இந்தக் கருவி சொல்லாது, சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றேன். நிஹாரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கிழமையா எனக்குத் தெரியும் மிஸ். நம்பத்தான் மனசு வரல்ல."

வாங்க இருந்தவரை அழைத்து, வர வேண்டாம் என்றார். சோதனைக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அழிக்கக் குளோரின் வாளியைத் தொட்டிக்கருகே இழுத்தார். கிண்ணத்தில் நாலும் நீந்திக்கொண்டிருந்தன. இந்தக் கருவியில் பார்த்த பிறகும் எதுவும் உயிரோடு இருக்கும் என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிறவள் நான்.

"அதையும் தாங்க மிஸ்" என்று கை நீட்டினார்.

கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தேன்.