ஜும்மாவுக்குப் பிறகு கேட்க வேண்டிய அல்பம்

அந்த இசைக்குழு புதிய அல்பம் வெளியிடப் போகிறது என்ற செய்தியை என் கணவரிடம் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தரம் அவசரத்தில் இடப்பக்கம் நின்று சொல்லிவிட்டேன். அவருடைய இடது காது போரின் கடைசி மாதங்களில், பதுங்குகுழி வாசலருகே விழுந்த ஷெல்லோடு போய்விட்டது. பிறகு கதிரையைச் சுற்றி வந்து வலது காதருகே குனிந்து சொன்னேன். அப்போதும் சற்று நேரம் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கியதும் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார்.

"ஆர் சொன்னது?"

"நானா கோல் எடுத்தவர். ஒரு வெள்ளிக்கிழமையைக் குறிச்சு அறிவிச்சிருக்கினமாம்."

அதன் பிறகு மாலைவரை அவர் பேசவில்லை. மகிழ்ச்சி வந்தால் அவர் அப்படித்தான். ஆனால் அந்த மௌனத்தில் மகிழ்ச்சி மட்டும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதே வாரத்தில்தான் யாழ்ப்பாணத்துக் காது மருத்துவர் அவருடைய வலது காதுக்குச் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தார்.

முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானா என்று நான் அழைப்பது, முல்லைத்தீவுப் பட்டினத்தில் கைபேசிக் கடை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதரை. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நானாவின் மாமா ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கசெற்றில்தான் இந்த இசைக்குழு எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது. புரோகிரசிவ் ரொக் என்ற பெயரே அப்போது இருவருக்கும் தெரியாது. கசெற்றின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டாக ஓடும். பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே பொழுது போய்விடும். தாளம் நடுவழியில் கால் மாற்றி வைக்கும். இவ்வளவுதான் அவர்கள் அறிந்தது. அது போதுமாயிருந்தது. வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்ன நாளில் நானா அந்தக் கசெற்றை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எடுத்துச் செல்ல விட்ட பொருள்களில் அதற்கு இடமிருக்கவில்லை.

பிறகு வந்தது கரண்ட் இல்லாத காலம், பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோர்டருக்குக் கொடுத்து, கையால் பெடலைச் சுற்றினால்தான் பாட்டு. கை ஓய்ந்தால் பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். என் கணவர் ஒரே சீராகச் சுற்றப் பழகியிருந்தார். அந்தச் சீர் உண்மையான வேகத்தை விட மெதுவானது; பள்ளிக்கூடக் காலத்தில் கேட்ட வேகம் மறந்துபோய், அதுவே அவருக்குச் சரியான வேகமாகிவிட்டது. கலியாணம் முடித்து வந்த நானும் அந்த இசையை அந்த வேகத்தில்தான் கேட்டேன். ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. சுற்றும் கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கிற்றார் ஏழேழாக எண்ணிக்கொண்டு போவது திடீரென்று தெரிந்தது. கோயில் தவிலில் கேட்டுப் பழகிய மிஸ்ர சாபுதான். தகிட தகதிமி என்று தொடையில் தட்டத் தொடங்கினேன். அவர் சுற்றுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

கடைசி இடப்பெயர்வில் ரங்குப்பெட்டியோடு கசெற்றும் போயிற்று. போர் முடிந்து நானா குடும்பத்தோடு திரும்பி வந்தபோது என் கணவர் முதலில் அதற்குத்தான் வருத்தம் தெரிவித்தார். நானா சிரித்துவிட்டு, கைபேசியை எடுத்து அதே அல்பத்தைப் போட்டுக் காட்டினார். என் கணவர் கொஞ்ச நேரம் கேட்டார், முகம் சுருங்கியது.

"இது பிழை மச்சான். ஓடிப்போறாங்கள்."

"அவங்கட பாட்டை அவங்களே பிழையா வாசிக்கிறாங்களோ? உன்ர சைக்கிள்தான் பிழை."

அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

அல்பங்கள் இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன. அதனால் எங்கள் மூவருக்கும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. நானா ஜும்மாத் தொழுகை முடிந்ததும் கடையைத் திறக்காமல் நேரே முள்ளியவளையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவார். என் கணவர் கமநல சேவை நிலையத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொள்வார். சாப்பிட்டு முடிந்ததும் முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் கேட்போம். நடுவில் எழும்பக் கூடாது, கதைக்கக் கூடாது. அல்பத்துக்கு முன்பாக ஒரு பாட்டைத் தனியே வெளியிட்டால், அதைக் கேட்கவே கூடாது. நாவலின் நடுப்பக்கத்தை வாசித்துவிட்டு முதற்பக்கத்துக்குப் போகிறவர்களை நான் பொறுத்துக்கொள்வதில்லை. இவர்கள் இருவரும் என்னைவிடக் கடுமையானவர்கள்.

காது மருத்துவர் பொறுமையான பெண். காதுக்குள் வளர்ந்த சதை எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் படம் வரைந்து காட்டினார். விட்டுவைத்தால் அது மூளைப்பக்கம் போகும். வெட்டி எடுத்தால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் எஞ்சியிருக்கும் கேட்கும் திறனில் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தன்னால் சொல்ல முடியாது, ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம் என்றார். குறித்த நாள், அல்பம் வெளியாகும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் விழுந்தது. என் கணவர் அதை வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டார். காரணம் சொல்லவில்லை. மருத்துவர் விருப்பமில்லாமல்தான் சம்மதித்தார். முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ தலை சுற்றினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் எனக்கு ஒரே வேலைதான். அவர் தேத்தண்ணி குடிக்கும்போது வாயின் வலது ஓரத்தைப் பார்ப்பேன். பார்ப்பது அவருக்குத் தெரியாதபடி குசினி வாசலில் நின்று, ஏதோ துடைப்பதுபோல் பார்ப்பேன். சிரிக்க வைத்துப் பார்ப்பதற்காக வேண்டாத கதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். இரண்டு ஓரமும் சமமாக எழுந்தன. அன்றைய பொழுது எனக்கு அதோடு விடியும்.

வெள்ளிக்கிழமை நெருங்கியிருந்தது. ஒரு நாள் நானா கோல் எடுக்காமல் மோட்டார் சைக்கிளில் நேரே வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படியேறாமல் முற்றத்திலேயே நின்றார். குழு தங்கள் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்ததாம்: ஒலிப்பதிவு வேலை இன்னும் முடியவில்லை, வெளியீடு தள்ளிப்போகிறது. உலகமெங்கும் ரசிகர்கள் ஆத்திரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானா என் கணவரின் வலப்பக்கம் போய், செய்தியைக் காதோடு திரும்பச் சொன்னார்.

"எவ்வளவு நாளைக்காம்?"

"ஒரு மாசத்துக்கு மேல வருமெண்டு கதை."

"அப்ப டொக்டரிட்டத் திரும்பக் கேப்பம். இன்னொருக்காத் தள்ளி வைக்கட்டும்."

நான் தேத்தண்ணித் தட்டத்தை வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். "இஞ்சேருங்கோ, அவா சொன்னது மறந்து போச்சோ?"

"மறக்கேல்லை." அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்கள் ரெண்டு பேருக்கும் அது இன்னொரு அல்பம். அதுக்குப் பிறகும் கேப்பியள். நான் கடைசியாக் கேக்கப்போற புதுச் சங்கதி அதுதான்."

அப்போதுதான் நானா சொல்லத் தயங்கியதைச் சொன்னார். ஒரு பாட்டு முன்கூட்டியே வெளியாகியிருக்கிறது. வழக்கம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அதைக் கேட்டுவிட்டுச் சத்திரசிகிச்சைக்குப் போகலாமே என்றார். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கால்வாசியைக் கேட்டிட்டுக் காதைக் குடுக்கச் சொல்லுறியோ? நீ கேட்டிட்டியோ?"

"அல்லா அறிய, கேக்கேல்லை."

நானா கதிரையை இழுத்து அவருடைய வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லாகக் காதுக்குள் வைப்பதுபோல் சொன்னார்:

"நீ மவுத்தாப் போனா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? வேகம் பிழையெண்டு சொல்ல இந்த உலகத்தில உன்னை விட்டா ஒருத்தனும் இல்லை. நீ போய் வெட்டுவிச்சுக்கொண்டு வா. நீ கேக்கிற வெள்ளிக்கிழமைதான் எனக்கும் வெள்ளிக்கிழமை. அது எந்த மாசம் வந்தாலும் சரி."

"நான் கேக்கவே ஏலாமப் போனா?"

"அப்ப எனக்கும் வேண்டாம்."

நானா தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அடுத்த நாள் காலை குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையை வாயருகே கொண்டுபோனார், குடித்தார். வலது ஓரத்திலிருந்து தேத்தண்ணி ஒரு கோடாக இறங்கிச் சட்டையில் விழுந்தது. அவர் அதை உணரவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். விரலால் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்தார். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"பையை எடும்" என்றார்.

நான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், இரகசியமாகப் பார்க்கிறேன் என்று.

யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் அவர் ஜன்னலோரம் இருந்தார். கைபேசியில் அந்தப் பழைய அல்பத்தைப் போட்டு, வலது காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆனையிறவில் உப்பளங்களின் வெளிச்சம் முகத்தில் அடித்தபோது அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பேருந்து இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை, நீர் கேட்டுச் சொல்லும் என்றார். நான் அதைக் காதில் வைத்துக்கொண்டு, அவருடைய புறங்கையில் ஏழு ஏழாகத் தட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சற்றுப் போனதும் என் விரலைப் பிடித்து, "ஓடுறீர்" என்றார். பெடல் வேகத்துக்குக் குறைத்துத் தட்டினேன். பரந்த உப்புவெளியைக் கடந்து முடியும்வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

சத்திரசிகிச்சை பிழையில்லாமல் முடிந்தது. முகத்தின் இழுவை கொஞ்சங்கொஞ்சமாகச் சரிவந்தது. காதுக்குக் கட்டு இருந்த காலத்தில் அவர் எதையும் கேட்கவில்லை. நான் உதட்டால் கதைத்தேன், கையால் கதைத்தேன். அந்த நாள்களில்தான் அல்பமும் வெளியாகிற்று. ஒரு வெள்ளிக்கிழமை வந்து போனது. நானா ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டார். கடைக்கு வரும் பொடியங்கள் அந்தக் கதையை எடுத்தால் எழும்பிப் பின்பக்கம் போய்விடுவாராம். கட்டு அவிழ்த்துப் பரிசோதித்த மருத்துவர், கீழ்ச் சுருதிகள் ஓரளவு தப்பியிருக்கின்றன, மேற்சுருதிகள் போய்விட்டன என்றார். செவிக்கருவி பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்த முதல் நாள் தெருவில் போன உழவு இயந்திரம் அவருக்குக் கேட்டது. நானாவின் தடித்த குரல் கேட்டது. என் குரல் அரைகுறையாகத்தான் எட்டியது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, கேட்டதுபோலத் தலையாட்டினார். பொருத்தமில்லாத இடங்களில் தலையாட்டியதால் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நானா வந்தார். வழக்கம்போலச் சாப்பிட்டோம், ஒருவரும் ருசியைப் பற்றிப் பேசவில்லை. முன்னறைக் கதவைச் சாத்தினேன். நானா லப்டொப்பை ஸ்பீக்கரில் கொழுவி, முதற்பாட்டைப் போட்டார்.

நான் இசையைக் கேட்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் நிமிர்ந்திருந்தார். பிறகு செவிக்கருவியை விரலால் திருத்தினார். பிறகு தலையைச் சாய்த்தார். பாடகர் பாடத் தொடங்கியதும் அவருடைய பார்வை ஸ்பீக்கரை விட்டு நிலத்துக்கு இறங்கியது. நிறுத்தும்படி அவர் சொல்லமாட்டார். இடையில் நிறுத்தக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். நானும் அசையவில்லை. அந்தப் பாட்டு முடியாது போலிருந்தது.

எழும்பியது நானாதான். போய் நிறுத்தினார். அந்த அறையில் ஒரு அல்பம் நடுவில் நின்றது அதுவே முதல் தடவை.

"என்ன கேக்குது?" என்று குனிந்து கேட்டார்.

"பேஸும் டிரம்ஸும். மிச்சமெல்லாம் தகரத்தில மழை பெய்யிற மாதிரி."

நானா லப்டொப்பின் முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் எதையோ தேடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, இவன் சைக்கிள் சுத்தின வேகம் உங்களுக்கு ஞாபகமிருக்கோ?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் அந்தப் பழைய அல்பத்தைப் போட்டு, தட்டிக் காட்டச் சொன்னார். நான் கதிரைக் கையில் தகிட தகதிமி என்று தட்டினேன். நானா திரையில் வேகத்தைக் குறைத்தார்; கிற்றாரும் குரலும் சேர்ந்து கீழ்ச் சுருதிக்கு இறங்கின. இன்னும் குறைத்தார். என் விரலும் கிற்றாரும் ஒன்றாக விழுந்தபோது கையை எடுத்தார். அதே அளவில் புதிய அல்பத்தை வைத்து, தொடக்கத்திலிருந்து போட்டார்.

இசை கனத்துப்போய், கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. என் கணவர் நிலத்தைப் பார்த்தபடியே இருந்தார். பாடகரின் குரல் வரவேண்டிய இடம் வந்தது. அவர் தலை நிமிர்ந்தது. வலது கை மடியிலிருந்து எழுந்து, கதிரையின் பக்கத்தில், இல்லாத பெடலொன்றை மெல்லச் சுற்றத் தொடங்கியது.

நானா அந்தக் கையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோல், "பிழையான வேகம்தான்" என்று முணுமுணுத்தார்.

"கதைக்கக் கூடாது" என்றார் என் கணவர், கை சுற்றுவதை நிறுத்தாமல்.