என் மகளை அனாதையாக்கிய வீடியோ

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வந்ததற்கு மன்னியுங்கள். நானும் கணவரும் தாராவியில் இட்லி விற்கிறோம். மகளுக்கு இலவச ட்யூஷன் நடத்திய தொண்டு நிறுவனம், நன்கொடை கேட்டு ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டிருந்தது. அதில் என் மகளின் முகம், கீழே, “தாய் தந்தை இல்லாத பிள்ளை.”

உடம்பெல்லாம் எரிய அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன்.

“டென்ஷன் ஆவாதீங்க ஆன்ட்டி. அப்படிப் போட்டாத்தான் டொனேஷன் வரும்,” என்றார் மேனேஜர்.

“நாங்க செத்தாத்தான் துட்டு வருமோ? இட்லி விக்கிறவ மவளுன்னு போட்டா ஆரும் தர மாட்டாவளோ?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், அந்த வீடியோவுக்குக் கீழேயே எழுதினேன்: “நான் இவள் அம்மா. உயிரோடு இருக்கிறேன்.” பணம் அனுப்பியவர்கள் நிறுவனத்திடம் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். நிறுவனம் உண்மையைச் சொல்லி உதவி கேட்டிருந்தால், என் கடைக்கு வருபவர்களிடம் நானே நன்கொடை கேட்டு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் நிறுவனத்தார் வீடியோவை நீக்கிவிட்டார்கள். மகளை இனி ட்யூஷனுக்கு அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.