உடைந்த முட்டைக்கு வருகிற அம்மாள்

எழுபதுகளில், சிங்கப்பூரின் மார்சிலிங்கில் எங்கள் கோழிப்பண்ணைக்கு அடுத்த வீட்டு அம்மாளுக்கு மூக்குத்தி உண்டென்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மாலைதோறும் வேலியருகே வருவார். மற்ற கையில் எனாமல் கிண்ணம் இருக்கும். விற்க முடியாத உடைந்த முட்டைகளை அதில் இனாமாகப் போடுவோம்.

இரண்டாவது கொட்டகைக்கு நாங்கள் அனுமதி கேட்டபோது, கூடாதென்று எங்கள் கம்போங் கிராமத்து ஆட்களைத் திரட்டியவரும் அவர்தான். பார்வையிட வந்த அதிகாரியின் எதிரில் குனிந்து ஓங்கரித்துக் காட்டினார். அனுமதி கிடைக்கவில்லை. கிடைக்குமென்று நம்பி முன்கூட்டியே வாங்கிவிட்ட குஞ்சுகளைப் பழைய கொட்டகையிலேயே அடைத்தோம். புழுக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்தன.

நான் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது கிண்ணத்தோடு வந்தார்.

"வேலி ஓரமா புதைக்காதீங்க தம்பி, நாத்தம் வரும் லா."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனேன்.

"இன்னிக்கு உடைஞ்சது இல்லையா?"

இல்லை. இருக்கிற கொட்டகைக்கும் ஆள் திரட்டிவிடுவாரோ என்று பயந்து, என் மனைவி இரண்டு நல்ல முட்டைகளை நீட்டினாள். அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தில் வைத்துக்கொண்டார்.