அண்ணனின் உள்நோக்கு

அண்ணன் மொறுமொறு கொக்கிஸ் பலகாரத்தைக் கடித்த சத்தம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. எங்கள் ஊர் கஹவத்தையிலிருந்து வாடகை வான் பிடித்து, யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அவருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், பெண் வீட்டு முன்னறையில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, பெல்மதுளையில் மாணிக்கக்கல் பட்டை தீட்டும் அண்ணன் பலகாரத்துக்கு மட்டுமே வாய் திறந்தார். கேள்வி கேட்டால் ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு.

அண்ணன் அப்படித்தான். எங்கள் தோட்டத்தில் அவருக்கு 'உம்மணாமூஞ்சி' என்று பேர். அந்தப் பேராலேயே முன்பு ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. எனக்கல்லவா தெரியும்! எல்லோரும் மறந்துபோன ஒரு பேச்சை மறுநாள் எடுத்து, "நேத்து நான் சொன்னது மாமாவுக்கு வலிச்சிருக்கும்ல?" என்று கேட்பவர் அவர்.

பெண்ணின் அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை பேசவே மாட்டாருங்களா?" என்றார். அம்மாவின் முகம் வாடியது. நான் அப்போது பள்ளியில் உயர்தரம், ஏ.எல். படிக்கும் மாணவி. அந்த வாரம் தமிழ் வகுப்பில் படித்த சொல் நாக்கில் துள்ளியது.

"அண்ணனுக்கு உள்நோக்கு அதிகங்க!"

அந்தப் பெரியவர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "உள்நோக்கமா? என்ன உள்நோக்கத்தோடம்மா எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

அம்மா என் தொடையில் கிள்ளினார். அண்ணன் எழுந்துவிட்டார். அவ்வளவுதான், இதுவும் போச்சு என்று நினைத்த நேரம், அடுப்படி வாசலில் நின்ற பெண் வாய் திறந்தார். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படித்துக்கொடுப்பவர்.

"நோக்கம் இல்லப்பா, நோக்கு. தன் மனசத் தானே பாத்துக்கிறது. வெளிய சத்தம் இருக்காது, உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். என்னைய அமுக்குணின்னு ஏசுவீங்கல்ல, அதுதாம்ப்பா."

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "இதுக்கு ஒரு வார்த்தை இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தாங்க தெரியும்."

"பேசிட்டாருய்யா!" என்று பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். வான் திரும்பும் வழியெல்லாம் நான் பாடிக்கொண்டே வந்தேன்.

அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கோ அதன் பொருள் அண்ணன் வீட்டில் தினமும் நடக்கிறது. போன மாதம் நான் அங்கிருந்தபோது, வெகுநேரமாகச் சத்தமில்லாத வீட்டை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ன, புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா," என்றார் அண்ணி. "பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."