மாட்டைக் கட்டிய முளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தோட்டத்தில் கம்பிக்குக் கிரீஸ் பூசும் வேலை. மேல்மலையில் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டால், அந்தக் கம்பியில் வழுக்கிக்கொண்டு கீழே ஃபேக்டரிக்குப் போய்விடும். கம்பியின் மேல் முனையை ஒரு இரும்பு முளையில் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு மொத்தத்துக்கு இருக்கும். பாதிக்கு மேல் மண்ணுக்குள். அது நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்தது.

அந்த முளையில்தான் நான் மாட்டைக் கட்டினேன். ஏழு வருஷம். மரமுளை அடித்தால் மாடு பிடுங்கிக்கொண்டு தேயிலைக்குள் போய்விடும். அப்புறம் திட்டு எங்களுக்கு. இரும்பு முளை அசையவில்லை. சாணியும் மூத்திரமும் மழையும் சேர்ந்து அங்கே எந்நேரமும் சேறு. அந்த மலையில் சேறு காய்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் மத்தியானக் கொழுந்தை நிறுத்து அனுப்பினார்கள். மூட்டைகள் பாதி வழி போகும்போது முளை முறிந்தது. கம்பி தேயிலை மேல் விழுந்தது, மூட்டைகள் ஓடையில் போயின. தேயிலை நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்கள் யாருக்கும் அடிபடவில்லை. அடிபட்டதா என்று யாரும் கேட்கவும் இல்லை. கொழுந்து போச்சே என்பதுதான் பேச்சு.

மலை வேலையை மேற்பார்வையிடும் கண்டாக்கு ஐயா வந்தார்.

"கிரீஸ் பூசாம எங்கடா தூங்குன?"

"பூசுனேங்க. கம்பி அறுந்து போகலைங்க, முளைதாங்க ஒடிஞ்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கும் நீதானேடா பொறுப்பு?"

நான் போய் மண்ணைத் தோண்டி அடித்துண்டை எடுத்தேன். மண்ணுக்கு மேலே இருந்த பாகத்தில் லேசான துரு, அவ்வளவுதான். கீழே இருந்தது முழுக்கக் கறுப்பு. விரலால் வழித்தால் மை மாதிரி வந்தது. கூமுட்டை நாற்றம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சுரண்டினேன். குழி குழியாக அரித்து, சுண்டுவிரல் மொத்தத்துக்குத்தான் இரும்பு மிச்சம் இருந்தது.

"ஐயா, இதப் பாருங்க. நான் இதுலதான் மாட்டக் கட்டுனேன். சாணிச் சேறுதான் அரிச்சிருக்கு. அவரு மேல தப்பில்லீங்க."

கண்டாக்கு ஐயா சிரித்தார். "ஏன் புள்ள, ஒன் மாடு புல்லுத் திங்குதா, இரும்பு திங்குதா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எங்கள் லயத்து ஆட்கள்தான். ஒருத்தி, "பால்ல ஆணி வருதான்னு பாத்துக் கறடி" என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கையில் அந்த நாற்றம் இருந்தது. அதை மோந்துகொண்டு நின்றேன்.

மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் என் வீட்டுக்காரர் பேரைக் கூப்பிடவில்லை. பத்துச்சீட்டு கொடுத்து வேலையிலிருந்து விலக்கினார்கள். வேலை போனால் லயத்து அறையும் போகும். பத்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள்.

புது முளை நட ஹட்டன் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பழைய துண்டை மோந்து பார்த்துவிட்டு, "இங்க மாடு கட்டுனீங்களா?" என்று தானாகவே கேட்டார். ஆமாம் என்றேன்.

"சாணிச் சேத்துக்குள்ள காத்துப் போகாதும்மா. காத்தில்லாத எடத்துல வாழுற கிருமி இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அது விடுற வாயுதான் இந்த நாத்தம். அதுதான் இரும்பக் கறுப்பாக்கி அரிக்கும். மண்ணுல பொதைக்கிற தண்ணிக் கொழாயும் இப்பிடித்தான் போவுது. கிரீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"இத தோட்டத்துத் தொரைக்கிட்ட சொல்லுங்க பாஸ்."

சொல்லப் போனார். நான் ஆபீஸ் வாசலில் நின்றேன். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் சொன்னத நம்பிட்டாரும்மா. முளையச் சுத்திச் சீமெந்து போடச் சொல்லிட்டாரு."

"எங்க வீட்டுக்காரரு?"

"அந்த வேலைக்கு வேற ஆளு போட்டாச்சாம்."

லயத்துக்குப் போய் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். கிருமி, வாயு, சீமெந்து. தப்பு உங்களுடையது இல்லை என்று துரைக்கே தெரியும் என்றேன்.

"சரி" என்றார். சாமான் கட்டப் படங்குச் சாக்கை விரித்தார். நான் சட்டிகளைக் கழுவி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் உள்ளே அடுக்கினார்.