மடியில் ஜாடி வைத்த மனிதன்

கிகிந்தா ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் போரிவோயிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பாதி அந்தத் திட்டுத் தாங்காமல் வேறு ஓட்டுநர் பள்ளிக்கு ஓடியவர்கள். எல்லோருக்கும் அவர் போரா. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். முதல் நாள் பாடமே இதுதான்: "டேஷ்போர்டுல விளக்கு எரிஞ்சா கார் உன்கிட்ட பேசுதுன்னு அர்த்தம். பேசுறவன் வாயைப் பொத்தாதே!" எரிகிற விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு திரிகிறவர்களை அவர் மனிதர்களாகவே சேர்ப்பதில்லை.

அப்படிப்பட்டவரின் சொந்தக் காரில், வேகமுள்ளுக்குப் பக்கத்தில், கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒட்டியவரும் அவரேதான்.

விஷயம் இதயத்தில் தொடங்கியது. வசந்த காலத்தில் அவருடைய இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட்டை வைத்து அனுப்பிய டாக்டர், இனிமேல் பன்றிக் கொழுப்பு வாயில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். பன்றிக் கொழுப்பிலேயே சமைக்கும் அந்தச் சமவெளி ஊரில் பிறந்தவனிடம் அப்படிச் சொல்வது, இனிமேல் மூச்சு விடாதே என்று சொல்வதற்குச் சமம். மனைவி தெசங்கா அன்றைக்கே அலமாரியைக் காலி செய்தாள். துணைக்குத் தானும் முப்பது வருடச் சிகரெட்டை விடுவதாக, மாதாகோயில் மெழுகுவர்த்திக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணினாள். போரா உருகிப்போனார். இலையுதிர்காலம் வரைக்கும் உருகிய நிலையிலேயே இருந்தார்.

நவம்பரில் ஊரெங்கும் பன்றி அடிக்கும் நாட்கள் வந்தன. பெரியப்பா மகன் கிளீஷாவின் வீட்டு முற்றத்தில் அடுப்பின் மேல் கொப்பரை ஏறியது. கொழுப்பு உருகி, துண்டுகள் பொன்னிறமாகி மொறுமொறுவென்று மேலே வந்த அந்த வாசனையில் போராவின் வைராக்கியம் பொசுக்கென்று போய்விட்டது. வரும்போது காரில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய வறுவல் ஏறியிருந்தது. வீட்டில் வைக்க வழியில்லை. தெசங்காவின் மூக்கு சுங்கத்துறை மோப்ப நாய்க்கே பாடம் எடுக்கும். கழுத்துத் துணியில் சுற்றி, முன்பக்கத்துப் பயணி சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

கொஞ்ச நாளிலேயே டேஷ்போர்டில் அந்த விளக்கு எரிந்தது. ஏர்பேக் விளக்கு. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், அவன் முன்னால் ஓர் உருண்டை. வாழ்நாள் முழுக்கப் பார்த்த படம்தான். ஆனால் இப்போது பார்த்தால், ஒருவன் மடியில் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. போராவுக்கு வியர்த்தது.

அவருக்குத் தெரியும், சீட்டுக்கு அடியில்தான் ஏர்பேக்கின் மஞ்சள் உறை போட்ட வயர் ஓடுகிறது. ஜாடி இடித்து அதைத் தளர்த்திவிட்டது என்று முடிவு கட்டினார். ஜாடியை எடுத்துப் பார்த்தார், விளக்கு அணையவில்லை. மஞ்சள் வயரைத் தொடவும் மாட்டார். பேட்டரியைக் கழற்றாமல் அதைக் குடைந்தால் பை முகத்திலேயே வெடிக்கும் என்று வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொன்னவர் அவர். ஜாடியைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். வேறு எங்கே வைப்பது?

மெக்கானிக் லாயோஷிடம் போகலாம். ஆனால் லாயோஷுக்கு மதியம் தெரிந்தது சாயங்காலம் சந்தைத் திடலுக்குத் தெரியும். ஜாடியை மறைத்தாலும், சீட்டுக்கு அடியில் குனிந்தால் மூடி வழிந்து கம்பளத்தில் ஊறிய கொழுப்பு வாசனை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே டேப்.

ஆனால் அந்தச் சீட்டில் உட்காருகிறவள் தெசங்கா. மோதினால் அவளுக்கு முன்னால் பை விரியாது. இந்த நினைப்பு வந்ததும் போராவுக்குக் கொழுப்பு வறுவலே கசந்தது. ஆனாலும் தின்றார்.

"தெசா, நீ இனிமே பின்னாடி உக்காரு."

"ஏன்? நான் என்ன மந்திரியா?"

"பின்னாடிதான் பாதுகாப்பு. புள்ளிவிவரம் சொல்லுது."

"புள்ளிவிவரத்துக்கு இத்தனை வருஷமா வாய் இல்லியா?"

முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினாள். முன்சீட்டு காலியாக, பின்சீட்டில் மனைவி கைப்பையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, கார் ஊருக்குள் போய்வந்தது. எதிர்வீட்டு ரோசாலியா ஜன்னலிலேயே குடியிருப்பவள். அவள் சும்மா இருப்பாளா?

"தெசா, நான் சொல்லக் கூடாதுதான். ஆம்பள முன்சீட்டைக் காலியா வெச்சிருந்தா, அது யாருக்கோ வெச்சிருக்கான்னு அர்த்தம்."

அன்று தெசங்கா வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். "கிளம்பு. லாயோஷ்கிட்ட போறோம். அந்த டேப்பு, அந்த விளக்கு, உன் புள்ளிவிவரம், ரோசாலியா சொல்ற அந்த இன்னொருத்தி எல்லாத்தையும் இன்னிக்குப் பாத்துடுறேன்."

"நானே போயிட்டு வர்றேனே, குளிருல நீ எதுக்கு..."

"நானும் வர்றேன்."

ஜாடியை எடுக்க வழியே இல்லை. அது முன்னால், அவள் பின்னால், நடுவில் போராவின் உயிர்.

லாயோஷ் டேப்பைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினான். அவனும் போராவிடம் படித்தவன். "வாத்தியாரே! பேசுறவன் வாயைப் பொத்தலாமா?"

"வேலையைப் பாருடா."

லாயோஷ் சோதனைக் கருவியைச் செருகினான். திரையைப் படித்தான். இருவரையும் ஒருமுறை மாற்றி மாற்றிப் பார்த்தான். "சீட்டுக்கு அடியில வயர் தளர்ந்திருக்கு. சின்ன வேலைதான். ஆனா விளக்கு எரியறவரைக்கும் எந்தப் பையையும் நம்ப முடியாது." ஸ்பேனரை எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றினான். "மிச்சக் கரண்ட்டு அடங்கட்டும். அதுவரை சீட்டைத் தொடமாட்டேன். வாங்க, காபி குடிக்கலாம்."

அந்தக் காபி போல நீளமான காபியைப் போரா குடித்ததில்லை. கப்பு தீர்ந்ததும் சீட்டு தூக்கப்படும். எதிரே தெசங்கா, எப்போதும் சர்க்கரை போடாமல் குடிப்பவள், சர்க்கரை இல்லாத காபியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். ரோசாலியா சொன்ன அந்தப் பெண்ணை நினைத்துத்தான் கொதிக்கிறாள் என்று போரா நினைத்தார். அதைத் தாங்க முடியவில்லை. கொழுப்புத் திருடன் என்று பெயர் வாங்கலாம்; இது வேண்டாம்.

"தெசா, வேற யாரும் இல்ல. வறுவல்தான்."

"என்னது?"

"கிளீஷா குடுத்தான். ஒரு ஜாடி. உன் சீட்டுக்கு அடியில இருக்கு. அதான் வயரை இடிச்சிருக்கு. உனக்கு ஒண்ணு ஆயிடக்கூடாதேன்னுதான் உன்னைப் பின்னாடி உக்கார வெச்சேன். சத்தியமா."

தெசங்கா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். "அட தடிமாடே! டாக்டர் சொன்னது காதுல ஏறலியா உனக்கு? இதுக்கா நான் அரசி மாதிரி ஊர்வலம் போனேன்?" சிரிப்பு பாதியிலேயே நின்றது. லாயோஷ் எழுந்து காரை நோக்கிப் போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்திருந்தான்.

"டேய், அந்தப் பக்கம் இல்லடா," என்றார் போரா. "இந்தப் பக்கம்."

"மெஷின் இந்தப் பக்கம்னுதான் சொல்லுச்சு, வாத்தியாரே."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சும் என்னைச் சொல்ல விட்டியா?"

"நல்லா இருந்துச்சே," என்றான் லாயோஷ், குனிந்தபடி. கையை உள்ளே விட்டுத் துழாவினான். வெளியே வந்தது ஒரு தட்டையான பிஸ்கட் டப்பா. திறந்தான். பாதி தீர்ந்த சிகரெட் பாக்கெட், லைட்டர், வாய் நாற்றத்துக்குப் புதினா மிட்டாய்.

போரா புகைத்ததே இல்லை. வியாழக்கிழமைதோறும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறவள் தெசங்கா.

போராவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மீசை துடித்தது. முப்பது வருடத் திட்டெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. "மெழுகுவர்த்தி!" என்றார் விரலை நீட்டி. "மாதாகோயில்ல! எனக்காக!"

தெசங்காவின் முகம் வெளுத்திருந்தது. "லாயோஷ், அப்போ விரியாம போறதா இருந்தது எந்தப் பை?"

"எதையும் நம்ப முடியாதுன்னேனே. ஆனா இந்த வயர் ஓட்டுறவர் சீட்டோடது."

அவள் போராவின் பக்கம் திரும்பினாள். "இத்தனை வாரமா என்னைப் பத்திரமா பின்னாடி உக்கார வெச்சியே. நீ எங்கடா உக்காந்திருந்தே?"

போரா யோசித்தார். தன்னைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "ஸ்டியரிங்கு முன்னாடி. வேற எங்க?"

அவள் அவர் தோளில் கைப்பையால் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழுதாள். போராவின் விரல் நீட்டியபடியே கொஞ்ச நேரம் காற்றில் நின்றது, பிறகு அவள் முதுகுக்குப் போனது.

லாயோஷ் இணைப்பை அழுத்திப் பூட்டி, வயரைச் சீட்டுச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, பேட்டரியை மாட்டி, கருவியில் பழைய கோளாறை அழித்தான். சாவியைத் திருப்பினார் போரா. மடியில் ஜாடி வைத்த மனிதன் எரிந்தான். மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். அவன் அணைந்தான். ஜாடியும் டப்பாவும் லாயோஷின் அலமாரியில் போய் உட்கார்ந்தன. கூலி வேண்டாம் என்றான், வாய் நிறைய மென்றுகொண்டே.

தெசங்கா முன்சீட்டில் ஏறிப் பெல்ட்டைப் போட்டாள். அவர் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தாள். தெருவுக்குள் திரும்பும்போது ரோசாலியா வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். தெசங்கா கண்ணாடியை இறக்கினாள்.

"ரோசாலியா, அந்த இன்னொருத்தி யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு? யாரு?"

"நான்தான்."